பழைய காகிதப் பணமும் அதன் மதிப்பும்

செஞ்சி என்றவுடன் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் முக்குன்றுகளும் தேசிங்குராஜன் கதையுமே நம் நினைவிற்கு வருவன. கோட்டைப் பக்கத்தில் பழங்காசு தேடுவோர் பலர். ஊருக்குள் வீட்டுப் பெட்டிகளில் மடிந்து கிடக்கும் பழைய நோட்டுக்களைக் கருதுவோர் மிகச் சிலர். செம்புக்காசு மண்ணிற் புதைந்தும் முந்நூறாண்டு பிழைத்திருக்கும். நோட்டோ கறையானுக்கும் மழைக்கும் எளிதில் இரையாகும். எஞ்சியது அருமை பெறுதற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்ற கோடையில் அவ்வூர் மூதாட்டியொருவர், தம் மாமனாரின் தகப்பனார் நிலக்கடலை வியாபாரஞ் செய்த காலத்துக் கணக்குப்பெட்டியைத் திறந்து, நோட்டொன்றை எடுத்துக் காட்டினார். "ஐயா, இதற்கு ஐந்நூறு ரூபாய் தருவதாக ஒருவர் சொல்லிப் போயிருக்கிறார், நாளைக்கு வருவார். கொடுத்துவிடலாமா? பேத்தியைக் கல்லூரியிற் சேர்க்க வேண்டும்" என்று கேட்டார்.

அஃது இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு. அரையணாவுக்கும் கணக்குப் பார்த்த காலத்தில் இரண்டரை ரூபாய்க்கு ஒரு நோட்டு இருந்ததென்றால் இக்காலத்து மாணவர் வியப்பர். முதல் உலகப் போரில் வெள்ளிக்கு முடை நேர்ந்தமையால், இந்திய அரசாங்கத்தார் 1917 நவம்பர் 30-ல் ஒரு ரூபாய் நோட்டையும், 1918 ஜனவரி 2-ல் இதனையும் வெளியிட்டனர். 1926 ஜனவரியில் இரண்டும் நிறுத்தப்பட்டன. ஒரு ரூபாய் நோட்டு 1940-ல் மீண்டும் வந்தது. இரண்டரை ரூபாய் நோட்டு திரும்பவேயில்லை.

இத்தகைய நோட்டைக் கண்டவுடன் அரசர் படத்தைப் பார்த்து மகிழ்வதினும் எண்ணைப் படிப்பதே முதல் வேலை. எண்ணோடு சேர்ந்த ஆங்கில எழுத்து, அது வெளிப்பட்ட வட்டத்தைக் குறிக்கும். 'எம்' எனின் சென்னை, 'பி' பம்பாய், 'சி' கல்கத்தா, 'ஏ' கான்பூர், 'கே' கராச்சி, 'எல்' லாகூர், 'ஆர்' இரங்கூன். 1861-ம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கியபோது, ஒரு வட்டத்து நோட்டை அவ்வட்டத்திலேயே சட்டப்படி மாற்ற முடியும். 1903 முதல் 1911 வரை ஐந்து, பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுக்கள் படிப்படியாக எங்கும் செல்லுபடியாயின. ஆகவே, உருவில் ஒன்றுபோல் தோன்றும் இரு நோட்டுக்கள் வட்ட எழுத்தினாலேயே விலையில் வேறுபடக் கூடும்.

அடுத்து, நோட்டை வெளிச்சத்திற்கு நேரே பிடித்தல் வேண்டும். மெய்யான நீர்க்குறி தாளின் உள்ளே நிழலாகத் தெரியும். போலியில் அது மேற்பரப்பில் மங்கலாக அச்சிட்டிருக்கும். இக்காலத்து அச்சியந்திரத்தில் எடுத்த போலியைப் பூதக்கண்ணாடியால் நோக்கின், கோடுகள் யாவும் புள்ளிகளாகச் சிதறும்.

அம்மூதாட்டியின் நோட்டு மெய்யானதே. எழுத்தும் 'எம்' ஆக இருந்தது. ஆனால் அவர் பேரன் அழுக்கைப் போக்க எண்ணி ஈரத்துணியால் துடைத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துவிட்டான்! மடிப்பு மறைந்தது, தாளின் மொரமொரப்பும் உடன் மறைந்தது. சேகரிப்போர் மடிப்பைப் பொறுப்பர், கழுவியதைப் பொறார். ஊசித்துளையைக்கூட நம் நாட்டு நோட்டுக்களில் பெருங்குற்றமாகக் கொள்வதில்லை. ஒட்டுநாடாவோ தீராத கறை.

விலையை எங்ஙனம் அறிவது? விற்போர் கேட்கும் விலை விலையன்று. அதே எழுத்தும் அதே நிலையும் உடைய நோட்டு ஏலத்தில் என்ன தொகைக்குப் போயிற்று என்பதே அளவுகோல். ஏலப் பட்டியல்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். தேய்த்துக் கெடுத்த நிலையிலும் அந்நோட்டு ஐந்நூறினும் பன்மடங்கு பெறும். "நாளை வருபவருக்குக் கொடுக்க வேண்டாம் அம்மா" என்றேன்.

நிற்க. செஞ்சியார் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அண்மையிலுள்ள புதுச்சேரியில் இந்தோசீன வங்கியார் ரூபாய்க் கணக்கிலேயே நோட்டு வெளியிட்டு வந்தனர். தென்னார்க்காட்டு நிலக்கடலை அத்துறைமுகத்தின் வழியே மார்சேய்க்குக் கப்பலேறிய காலம் அது. பிரெஞ்சு எழுத்தைக் கண்டு அயல்நாட்டுத் தாளென்று அவற்றை எறிந்துவிடலாகாது.

பெட்டியின் அடியில் வெட்டப்பட்ட பத்து ரூபாய் நோட்டின் பாதியும் இருந்தது. திருட்டுக்கு அஞ்சி அக்காலத்தார் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த செய்தி வந்தபின்னரே மற்றதைத் தபாலில் அனுப்புவர். அதன் துணைப் பாதி இன்னும் கிடைக்கவில்லை. மூதாட்டி கணக்கேடுகளைத் தாள்தாளாகப் புரட்டித் தேடிக்கொண்டிருக்கிறார்.