டிராக்டர் மாறும்போது பி.டி.ஓ. தண்டின் நீளத்தைத் திருத்தும் முறை

டிராக்டரைக் கொண்டு உழவு செய்யும் வழக்கம் நமது மாநிலத்தின் ஜில்லாக்கள் யாவற்றிலும் பரவியிருக்கிறது. ஆயினும், டிராக்டரின் பின்னே பூட்டப்படும் ரோட்டாவேட்டர் என்னும் சுழற்கலப்பைக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டின் விஷயத்தில் விவசாயிகளிடையே அசட்டை மிகுதியாய்க் காணப்படுகிறது. பழைய டிராக்டரை விற்றுவிட்டுப் புதியது வாங்குவோர் கலப்பையையும் தண்டையும் தம்மிடமே வைத்துக்கொண்டு, அவற்றைப் புது டிராக்டரில் அப்படியே மாட்டிவிடுகின்றனர். அறுவடை முடிந்து உழவு நெருக்கும் சமயத்தில் ஒருவரது கலப்பையை மற்றொருவரது டிராக்டரில் பூட்டுவதும் எங்கும் நடப்பதே.

இவ்வாறு மாற்றி மாட்டுவது எளிதாயிருப்பதே இதிலுள்ள அபாயத்திற்குக் காரணம். நம் நாட்டில் விற்பனையாகும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றின் பி.டி.ஓ. முனை 1⅜ அங்குலக் குறுக்களவும் ஆறு பற்களும் உடையது. ஆகையால் எந்தத் தண்டும் எந்த டிராக்டரிலும் தடையின்றி ஏறிவிடும். பல் பொருந்திவிட்டபடியால் நீளமும் பொருந்திவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. பி.டி.ஓ. முனைக்கும் கலப்பையைத் தாங்கும் கைகளுக்கும் இடையேயுள்ள தூரம் டிராக்டருக்கு டிராக்டர் வேறுபடும். ஜீப்பு வண்டிக்கு வேறு கியர்ப்பெட்டி வைப்பவர், அதன் தண்டை லேத்துப் பட்டறைக்கு எடுத்துச் சென்று நீளம் திருத்தாமல் வண்டியை எடுப்பதில்லை. டிராக்டரின் தண்டுக்கு அந்த மரியாதை கிடைக்காதிருப்பது வியப்பே.

தண்டின் அமைப்பு யாவரும் அறிந்ததே. வெளிக்குழாய் ஒன்று, அதனுள் நுழையும் உட்குழாய் ஒன்று, இரு கோடிகளிலும் கிராஸ் என்று மெக்கானிக்குகள் சொல்லும் மூட்டு ஒவ்வொன்று, இவற்றின்மேல் சுழலாமல் நிற்கும் பிளாஸ்டிக் உறை. கலப்பையைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள தூரம் கூடிக் குறைவதால், குழாய்கள் ஒன்றினுள் ஒன்று நீண்டும் சுருங்கியும் இடங்கொடுக்கின்றன.

தண்டு வேண்டிய அளவினும் நீண்டிருந்தால், கலப்பையைத் தூக்கும் வழியில் உட்குழாய் முழுதும் உள்ளே சென்று முட்டிக்கொள்ளும். அதற்குமேல் சுருங்க இடமின்மையால், ஹைட்ராலிக்கின் பலம் முழுவதும் தண்டின் வழியே டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கின் மீதும், கலப்பையின் கியர்ப்பெட்டி மீதும் பாயும். முதலில் ஆயில் சீல் கசியும். பின்னர் கிராஸ் நொறுங்கும். சில வேளைகளில் பெட்டியின் வார்ப்பிரும்பே வெடித்துவிடும். இதனால் நேர்வது பொருள் நஷ்டம். தண்டு குறுகியிருந்தால் நேர்வதோ உயிர்ச்சேதமாகவும் இருக்கக்கூடும். குழாய்கள் ஒன்றையொன்று போதிய அளவு கவ்வாமல், சுழலும் வேளையிலேயே பிரிந்துவிடும். டிராக்டரோடு ஒட்டிய பாதி, நிமிஷத்திற்கு 540 சுற்று வேகத்தில் இரும்புத் தடியைப்போல் வீசியடிக்கும். ஓட்டுநரின் ஆசனம் அதற்கு மிக அருகில் இருக்கிறது என்பதை விரித்துச் சொல்லவேண்டுவதில்லை.

அளவெடுக்கும் விதம் வருமாறு. கலப்பையைத் தண்டில்லாமல் டிராக்டரில் பூட்டி, மேல்கம்பியை உழவுக்கு வைக்கும் நீளத்திலேயே வைக்கவேண்டும். கலப்பையை ஒரு நிலைக்குத் தூக்கியபின் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி அளப்பவர் தம் மடியில் வைத்துக்கொள்வது நலம். தூக்கிய கலப்பையின் கீழ்ப் பருமனான மரக்கட்டைகளைக் கொடுத்த பிறகே அருகில் செல்லலாம். ஹைட்ராலிக்கை நம்பி அதன்கீழ்க் கை நீட்டுவது கூடாது. பின்பு பி.டி.ஓ. முனைக்கும் கலப்பையின் முனைக்கும் இடையேயுள்ள தூரத்தை, பூட்டும் ஊசி விழுகின்ற பள்ளம் முதல் பள்ளம் வரை, அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். முழுதும் தூக்கிய நிலை, முழுதும் இறக்கிய நிலை, இவற்றிற்கு நடுவே மூன்று நான்கு நிலைகள் ஆகிய எல்லாவற்றிலும் அளத்தல் அவசியம். தூரம் மிகக் குறைவது பெரும்பாலும் நடுவில், இரு முனைகளும் ஒரே மட்டத்தில் வரும்போதுதான். மேலும் கீழும் மாத்திரம் அளந்துவிட்டு வெட்டுகிறவர் ஏமாறுவது இங்கேதான். உழும்போது கலப்பை தரைமட்டத்திற்குக் கீழே இறங்குமாகையால், பின்சக்கரங்களைச் சற்று மேடான இடத்தில் நிறுத்தி அளந்தால் இறங்கிய நிலையின் அளவு சரியாய்க் கிடைக்கும்.

மிகக் குறைந்த தூரத்தைவிட, முழுதும் சுருக்கிய தண்டு 2.5 முதல் 5 சென்டிமீட்டர் வரை குட்டையாயிருக்கவேண்டும். மிக அதிகத் தூரத்திலும் குழாய்கள் ஒன்றையொன்று 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கவ்வியிருக்கவேண்டும். வேலை நடக்கும் நிலையில் குழாயின் நீளத்தில் மூன்றிலொரு பங்காவது கவ்வியிருத்தல் உத்தமம். உதாரணமாக, ஒரு தண்டு முழுதும் சுருங்கிய நிலையில் 86 சென்டிமீட்டர் என்றும், அதன் குழாய் ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். டிராக்டரில் கண்ட மிகக் குறைந்த தூரம் 82, மிக அதிகம் 94. நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் தண்டு 78 ஆகவேண்டும். ஆகவே இரு குழாய்களிலும் எட்டெட்டு சென்டிமீட்டர் வெட்டவேண்டும். வெட்டியபின் குழாய் 52. தண்டு 94 வரை நீளும்போது 16 சென்டிமீட்டர் வெளியே வருமாதலால், 36 சென்டிமீட்டர் கவ்வி நிற்கும். இது தாராளம்.

இதே தண்டை, அதிகத் தூரம் 116 சென்டிமீட்டராக உள்ள பக்கத்து நிலத்துக்காரரின் பெரிய டிராக்டரில் மாட்டினால் என்னவாகும்? 38 சென்டிமீட்டர் வெளியே வந்துவிட, 14 மாத்திரமே உள்ளே எஞ்சும். மாட்டும் வேளையில் ஒரு குறையும் தோன்றாது. கலப்பை முழுதும் இறங்கிச் சுமை ஏறும்போதுதான் தெரியவரும். தண்டின் நீளம் கலப்பைக்கு உரியதன்று. டிராக்டரும் கலப்பையும் சேர்ந்த ஜோடிக்கு உரியது. வாடகைக்குக் கருவி விடும் சங்கங்களின் பொறுப்பாளர்களும் கிராம அதிகாரிகளும் இதை முக்கியமாய்க் கவனித்தல் வேண்டும். எந்தத் தண்டு எந்த டிராக்டருக்கு வெட்டப்பட்டதோ, அவ்விரண்டிலும் ஒரே நிறத்தில் வர்ணப் பட்டையொன்று தீட்டி வைத்தால், எழுத்தறியாத ஆளும் தவறு செய்யமாட்டான். ஒரு கலப்பையை இரண்டு டிராக்டர்களில் பூட்டவேண்டியவர்கள் இரண்டு தண்டுகள் வைத்துக்கொள்வதே சரி. கிராஸ் உடைந்து உழவுப் பருவத்தில் வேலை நிற்பதைக் காட்டிலும் அதில் செலவு குறைவு.

வெட்டும்போது உட்குழாய், வெளிக்குழாய், அவற்றின் இரு பிளாஸ்டிக் உறைகள் ஆகிய நான்கிலும் ஒரே அளவு வெட்டவேண்டும். ஹேக்ஸா பிளேடால் நேர்குறுக்காக அறுத்து, வெட்டிய ஓரத்தின் பிசிறை அரத்தால் உள்ளும் புறமும் தேய்த்து, இரும்புத் தூளை முற்றும் துடைத்து, கிரீஸ் தடவிப் பொருத்துக. தூள் தங்கிய குழாய் சில தினங்களில் இறுகிப்போய், நீளம் சரியாயிருந்தும் நீளாத தண்டாகிவிடும். தண்டு குட்டையாயிருந்தால் நடுவே ஒரு துண்டு வைத்துப் பற்றவைப்பதைப் பட்டறைகளில் சிலர் செய்துகொடுக்கின்றனர். அது அறவே கூடாது. நீளமான தண்டை வாங்குவதே வழி.

திரும்பச் சேர்க்கையில் இன்னொரு நுட்பம் உண்டு. தண்டு கோணலாய் நிற்கும்போது ஒரு கிராஸ் மூட்டு விசையை ஒரே சீராய்த் தருவதில்லை. முப்பது டிகிரிக் கோணத்தில், 540 சுற்று வேகத்தில் வரும் விசை, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 468க்குத் தாழ்ந்து 624க்கு ஏறும். தண்டின் மறுகோடியிலுள்ள மூட்டு இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும். ஆனால் தண்டோடு சேர்ந்த இரு கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் அப்படி நடக்கும். சதுரத் தண்டையும் பல் வெட்டிய தண்டையும் கால் சுற்றுத் தவறிச் சேர்த்துவிடுவது எளிது. அவ்வாறாயின் சமனாவதற்குப் பதிலாக ஆட்டம் இருமடங்காகும். பிரிக்கும் முன்பே இரு பாதிகளிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு நேர்கோடு இட்டுக்கொண்டால் இத்தவறு நேராது. சரியாய்ச் சேர்த்த தண்டானாலும், வரப்போரம் திரும்பும்போது கலப்பையை உயரத் தூக்குவதற்கு முன் பி.டி.ஓ.வை நிறுத்திவிடவேண்டும்.

உறையை வெட்டுவதற்குச் சோம்பி அதைக் கழற்றி எறிந்துவிடுவோர் பலர். நிமிஷத்திற்கு 540 சுற்று என்பது விநாடிக்கு ஒன்பது சுற்று. பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூட்டில் வேட்டி நுனியோ புடவை முந்தானையோ சிக்கினால், விநாடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர் துணி சுற்றிக்கொள்ளும். எட்டு முழ வேட்டி முழுவதும் சுற்ற ஒன்றரை விநாடி வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் கூச்சலிடவும், ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவும் அந்த அவகாசம் போதாது. ஆகவே உறையை மாட்டி, அது சுழலாதபடி இரு சங்கிலிகளையும் கட்டியபின்னரே தண்டை ஓட்டவேண்டும்.

மாட்டியவுடன் இரு கோடிகளையும் பின்னுக்கு இழுத்துப் பார்த்து, பூட்டும் ஊசி பள்ளத்தில் விழுந்திருப்பதை அறிந்துகொள்க. முதலில் பி.டி.ஓ.வை ஓட்டாமலே கலப்பையை மெல்லத் தூக்கி இறக்கி, எங்காவது முட்டுகிறதா என்று பார்த்தபின், குறைந்த வேகத்தில் சற்று நேரம் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாள் உழவு முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்டைக் கழற்றி, உட்குழாயைப் பார்வையிடுக. குழாய் தேய்ந்து பளபளக்கும் இடம், அது எதுவரை உள்ளே சென்றது என்பதைக் காட்டும். அப்பளபளப்பு மூட்டின் அடிவரை எட்டியிருந்தால் தண்டு இன்னும் நீளமே. மறுநாள் கலப்பையைப் பூட்டுவதற்கு முன் மீண்டும் அளந்து, நான்கு துண்டுகளிலும் சமமாய்க் குறைத்துக்கொள்ளவேண்டும்.