மருத்துவமனை வாயிலுக்கு அப்பால்: பெங்களூருவின் மனநல, போதை மீட்புச் சேவைகள்

நகரங்களின் மனநலச் சேவை குறித்து ஆய்வுக் கூட்டம் எது நடந்தாலும், முதலில் எழும் வினா எத்தனை படுக்கைகள் உள்ளன என்பதே. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் பெங்களூரு பேறு பெற்ற நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பகமாகத் தோன்றி 1925-இல் மனநல மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்ற நிறுவனமும், 1954-இல் அமைந்த அகில இந்திய மனநல நிலையமும் 1974 டிசம்பர் 27 அன்று இணைக்கப்பட்டு, இன்று நிம்ஹான்ஸ் என்று அனைவரும் அறிந்த தேசிய நிலையம் உருவாயிற்று. அதன் போதை மருத்துவப் பிரிவு நாடெங்கும் பணியாற்றும் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. தன்னார்வத் துறையும் பின்தங்கியதன்று; மனநோயிலிருந்து மீள்வோருக்கான இடைநிலை இல்லத்தை நாட்டில் முன்னோடியாக நடத்திய அமைப்புகளுள் ஒன்று 1964-இல் இந்நகரில்தான் தொடங்கப்பட்டது.

இத்தனை வசதி வாய்ந்த நகரிலும், குடிநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் கூலித் தொழிலாளி சில மாதங்களில் மீண்டும் அதே வாயிலில் வந்து நிற்பது ஏன்? இவ்வினாவுக்கு மருத்துவத்தைவிடப் பொருளாதாரம் தெளிவான விடை தரக்கூடும் என்பது என் கருத்து.

முதலில் பிரச்சினையின் அளவை நோக்குவோம். 2015-16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஆய்வுக் காலத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுக்கு உட்பட்டிருந்ததாகக் கண்டது. பெருநகரங்களில் இவ்விகிதம் 14 விழுக்காட்டைத் தாண்டியது. மதுவால் ஏற்படும் கோளாறு உடையோரில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் சிகிச்சை எதுவும் பெறவில்லை. 2019-இல் வெளியான போதைப்பொருள் பயன்பாடு குறித்த தேசிய அறிக்கையின்படி, நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களில் மதுவின் பொருட்டு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கு மேல். மதுவைச் சார்ந்தே வாழும் நிலைக்கு வந்துவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர்.

இவ்வெண்களைக் கண்டவுடன் படுக்கைகளைப் பெருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் குடிநோயின் போக்கை அறிந்தால் அம்முடிவு ஐயத்திற்குரியதாகும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் மனக்குழப்பமும் இல்லாதன தோன்றுதலும் ஏற்படலாம். கவனியாவிடில் இது உயிருக்கே ஆபத்து. உரிய மருந்தும் தயமின் என்னும் பி-1 வைட்டமினும் கொடுத்துக் கண்காணித்தால், பெரும்பாலோர் ஒரு வாரத்திற்குள் தேறிவிடுகின்றனர். மருத்துவமனை திறம்படச் செய்யக்கூடிய பணி இது. உண்மையான சோதனை அதன்பின் வருகிறது. உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடிக்கும். மனச்சோர்வு எட்டிப் பார்க்கும். சனிக்கிழமை கூலி கைக்கு வரும். பழைய நண்பர்களும் வருவார்கள். மீண்டும் குடிக்கத் தொடங்குவோரில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதங்களிலேயே தொடங்குகின்றனர். நாம் பணத்தையும் பணியிடங்களையும் ஒதுக்குவதோ அந்த முதல் வாரத்திற்கு.

தொடர் கவனிப்புக்கு நோயாளி வாரந்தோறும் வரவேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது எளிது. அதன் விலை என்ன? எடுத்துக்காட்டாக, நகரின் ஓரத்தில் வாழும் ஒரு கட்டடத் தொழிலாளியின் நாட்கூலி 700 ரூபாய் என்றும், உடன் வரும் மனைவி வீட்டு வேலை செய்து ஈட்டுவது நாளொன்றுக்கு 400 ரூபாய் என்றும் கொள்வோம். நகரைக் கடந்து வந்து, வரிசையில் நின்று, மருத்துவரைக் கண்டு திரும்ப ஒரு பகற்பொழுது கழிந்துவிடும். ஒரு முறைக்கு இழப்பு 1,100 ரூபாய். மூன்று மாதங்களில் பன்னிரண்டு முறை என்றால் 13,200 ரூபாய். இதில் பேருந்துக் கட்டணம் சேரவில்லை. 2023 ஜூன் முதல் கர்நாடக அரசுப் பேருந்துகளில் அம்மாநிலப் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது வரவேற்கத்தக்கதே. எனினும் மேற்கண்ட கணக்கில் மிகச் சிறிய செலவினம் அதுதான். மருந்து இலவசம், ஆலோசனை இலவசம் என்று அறிவித்தபின்னும் சிகிச்சை ஏழைக்கு விலையுயர்ந்த பொருளாகவே இருக்கிறது. வராதவரை ‘ஒத்துழைக்காதவர்’ என்று பதிவேட்டில் குறிக்கும் வழக்கத்தை நாம் கைவிடுவது நன்று. அவர் கணக்குத் தெரிந்தவர்.

இக்கருத்துக்குச் சான்றும் பெங்களூருவிலேயே கிடைக்கிறது. நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குடிநோய்க்கு உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்ற குறைந்த வருவாய்ப் பிரிவினர் இரு குழுக்களாக நோக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு அவர்கள் வாழும் குடிசைப் பகுதியிலேயே வாராந்தரத் தொடர் கவனிப்பும், வராதவர்களின் வீட்டுக்குச் சென்று காணும் ஏற்பாடும் இருந்தன. மற்றவர்களுக்கு இவ்வேற்பாடு இல்லை. இரு குழுக்களும் பெற்ற மருத்துவமனைச் சிகிச்சை ஒரே தன்மையது. ஆயினும் வீட்டருகே கவனிக்கப்பட்டவர்களின் நிலையே மேம்பட்டிருந்தது. இங்குக் கூடுதலாகச் செய்யப்பட்டது புதிய மருந்து எதையும் சேர்த்ததன்று. தூரத்தைக் குறைத்ததும், வராதவரைத் தேடிச் சென்றதுமே.

அவ்வாறாயின் நகரம் முழுவதும் இதனை விரிவாக்குவதில் தடை என்ன? கட்டடம் ஒரு தடையன்று. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம், 50,000 மக்களுக்கு ஒரு நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையம் என்னும் நெறியை வகுத்துள்ளது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் மருந்து பெற அங்கு வருவோரோடு குடிநோயிலிருந்து மீள்பவரும் வந்து செல்லலாம். அப்படிச் சென்றால் அவரைத் தனியே அடையாளம் காட்டும் பலகையும் இராது. வெட்கத்தின் பொருட்டு மருத்துவமனையைத் தவிர்க்கும் பெண்களுக்கு இது மிக முக்கியம்.

தடை பெரிதும் நிர்வாகப் பிரிவினையில் உள்ளது. மனநலமும் மருத்துவமனைகளில் உள்ள போதை மீட்புப் பிரிவுகளும் சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்தவை. தன்னார்வ நிறுவனங்கள் மானியம் பெற்று நடத்தும் மறுவாழ்வு மையங்கள் சமூக நீதி அமைச்சகத்தைச் சேர்ந்தவை. மது விற்பனையும் அதன் வருவாயும் மாநில ஆயத்தீர்வைத் துறைக்கு உரியவை. தொலைபேசி உதவியிலும் இப்பிரிவினை தொடர்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ மனநலச் சேவையின் எண் 14416. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. நள்ளிரவில் கணவனின் நடுக்கத்தைக் கண்டு அஞ்சும் பெண், அந்நோய் எந்த அமைச்சகத்தின் பொறுப்பு என்று ஆராய்ந்தா எண்களை அழுத்துவாள்? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொணர்ந்து, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கிவிட்டது. சட்டம் ஒன்றாக்கியதை அலுவலகங்கள் இன்னும் இரண்டாகவே நடத்துகின்றன.

வருவாயைப் பற்றியும் சில சொற்கள். கர்நாடகம் 2007 ஜூலை 1 முதல் சாராய விற்பனையைத் தடை செய்தது. உரிமம் பெற்ற கடைகளில் பிற மது வகைகளின் விற்பனை தொடர்ந்தது. அதற்கு முன்பே, 2000-இல், நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் குடிநோயால் ஏற்படும் நேரடி, மறைமுகச் செலவுகளைக் கணக்கிட்டு, அவை மாநிலம் மதுவினால் ஈட்டும் வருவாயை விஞ்சுவதாகக் கூறினர். இத்தகைய மதிப்பீடுகள் அனுமானங்களைச் சார்ந்தவை. எண்ணைப் பற்றி வாதிட இடமுண்டு. ஆனால் வருவாய் கருவூலத்தில் ஒரே தலைப்பின்கீழ்ப் பளிச்சென்று தெரிகிறது. செலவோ இழந்த கூலியாகவும், அடகு வைத்த நகையாகவும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையாகவும் ஆயிரம் வீடுகளில் சிதறிக் கிடக்கிறது என்பதை நிதித் துறையினர் மறுக்கமாட்டார்கள்.

உடனடியாகச் செய்யத்தக்க மாற்றம் ஒன்று உண்டு. அதற்குப் பெரும் நிதி தேவையில்லை. இன்று மையங்கள் அனுப்பும் அறிக்கைகளில் முன்னிற்பவை, சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கையும் விடுவிக்கப்பட்டோர் எண்ணிக்கையும். அதே நபர் ஆண்டில் மூன்று முறை சேர்ந்தால் அறிக்கையில் அது மூன்று சாதனைகளாகத் தோன்றும். அவ்விரு பத்திகளுக்குப் பக்கத்தில், விடுவிக்கப்பட்டு மூன்றாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் தொடர்பில் இருப்போர் எத்தனை பேர் என்று மேலும் இரு பத்திகளைச் சேர்த்து, மானியத்தின் ஒரு பகுதியை அவற்றோடு இணைக்கலாம். அப்பத்திகளை நிரப்ப வேண்டுமெனில், யாரேனும் ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ குடிசைப் பகுதிக்கு நடந்தே ஆகவேண்டும்.