பதநீர்க் கலயமும் வினைவேக மாறிலியும்

பொன்னமராவதி

அன்புள்ள தம்பிக்கு,

வினைவேகமும் வினைவேக மாறிலியும் ஒன்றுதானே என்று கேட்டிருந்தாய். ஒன்றல்ல. அந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் வேகவியல் பாடத்தில் பாதி பயம் போய்விடும்.

வினைவேகத்தை முதன்முதலில் முறையாக அளந்து கணக்கில் கொண்டுவந்தவர் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர். ஆண்டு 1850. அவர் எடுத்துக்கொண்டது கரும்புச் சர்க்கரைதான். அமிலம் கலந்த நீரில் சுக்ரோஸ், குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடையும். சுக்ரோஸ் கரைசல் முனைவுற்ற ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும். முழுதும் உடைந்த கலவை இடப்பக்கம் திருப்பும். ஆகவே கரைசலைத் தொடவே வேண்டாம். குழாய் வழியே பார்த்து, கோணத்தை அவ்வப்போது குறித்துவந்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் சர்க்கரைக்கு நேர்விகிதத்தில்தான் வேகம் இருந்தது. அந்த விகிதத்தைச் சொல்லும் எண்தான் வினைவேக மாறிலி.

ஒரு கணக்கு. 100 கிராம் சர்க்கரை 30 நிமிடத்தில் 50 ஆகிறது என்று வைத்துக்கொள். அடுத்த 30 நிமிடத்தில் 25, அதற்கடுத்து 12.5. வேகம் இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் 0.693ஐ 30ஆல் வகுத்தால் வரும் மாறிலி, நிமிடத்துக்கு 0.0231, தொடக்கத்திலும் முடிவிலும் அதேதான். நீரும் வினையில் பங்கேற்கிறது. ஏராளமாக இருப்பதால் அதன் செறிவு ஏறக்குறைய மாறுவதில்லை. அதனால்தான் இது போலி முதல்வகை வினை.

மாறிலி என்பதால் அசையவே அசையாது என்று நினைத்துவிடாதே. சர்க்கரையின் அளவுக்குத்தான் அது அசையாது, சூட்டுக்கு அசையும். 1889இல் ஸ்வீடனின் அர்ரேனியஸ் இதே சர்க்கரை வினையை வைத்து அதை விளக்கினார். 25 டிகிரியிலிருந்து 35க்குப் போனால் இந்த மாறிலி சுமார் 4 மடங்காகும். அமிலம் கூடினாலும் ஏறும்: பி.எச். ஒன்று குறைந்தால் ஏறக்குறைய 10 மடங்கு.

இதைப் பனையேறிகள் பாடநூல் இல்லாமலே கையாள்கிறார்கள். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது சர்க்கரை உடையாமல் காக்கத்தான். பதநீரின் இனிப்பும் பெரும்பாலும் சுக்ரோஸே. சுண்ணாம்பு இல்லையென்றால் ஈஸ்ட் பெருகிச் சாறு கள்ளாகிவிடும். ஈஸ்டின் நொதியும் புளிப்பின் அமிலமும் சேர்ந்து சுக்ரோஸை உடைக்கும். அப்படி உடைந்துபோன சாற்றைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாமல் பிசுபிசுக்கும். சுண்ணாம்பு ஈஸ்டையும் அடக்குகிறது, அமிலத்தையும் முறிக்கிறது.

தேர்வில் மாறிலியின் மதிப்பை எழுதும்போது, அது எந்த வெப்பநிலைக்கு உரியது, நிமிடத்துக்கா நொடிக்கா என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுது.

அன்புடன்,
அண்ணன்