பழைய பாடமும் புதிய பதிப்பும்

சுவடிகளைப் படியெடுத்தோர் செய்த பிழைகளைக் களைவது தமிழ்த்துறையினர்க்குப் பழகிய பணி. மூலம் ஒன்றாக இருக்கப் படிகள் வேறுபடுவதைப் பாடவேறுபாடு என்கிறோம். ஈண்டு நாம் ஆராயப் புகுவது இதற்கு மாறான ஒரு நிலையாகும். பாடத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆயின் எந்தக் கருவியைக் கற்பிக்க அப்பாடம் எழுதப்பட்டதோ, அக்கருவி மாறிவிட்டது. நேற்றுவரை சரியாக இருந்த வரி இன்று பிழையாகிறது. கணிப்பொறி நிரல் கற்பிக்கும் தொடக்கநிலைப் பாடங்களுக்கு நேரும் இந்நிலையைப் பைத்தான் என்னும் நிரல்மொழியைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

தமிழ்த்துறைக்கு நிரல் எதற்கு என வினவுவாரும் உளர். ஒரு நூலில் ஒரு சொல் எத்தனை முறை பயின்று வருகிறது என எண்ணவும், சொல்லடைவு தொகுக்கவும் இன்று நிரலே எளிய வழி. அதன்பொருட்டு 2011-ஆம் ஆண்டில் நாம் எழுதிய பன்னிரண்டு பக்கக் குறிப்பேடு, நகலெடுக்கப்பட்டு மாணவர் கைகளில் பல்லாண்டுகள் உலவியது. பின்னொரு நாள் மாணவி ஒருவர் அதன் முதல் வரியைப் புதிய கணிப்பொறியில் தட்டெழுதினார். பிழை என்றது பொறி. மீண்டும் மீண்டும் தட்டெழுதிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது வராதுங்க ஐயா" என்று எழுந்துவிட்டார். பிழை அவர் கையில் இல்லை. நம் ஏட்டில் இருந்தது. இக்கட்டுரைக்கு அந்நிகழ்ச்சியே காரணம்.

கைடோ வான் ரோசம் உருவாக்கிய பைத்தான் மொழி 1991-இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2000-இலும், மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரிலும் வந்தன. மூன்றாவது, முன்னதன் வளர்ச்சி மட்டுமன்று. பழைய நிரல்கள் சில இயங்காமற் போகும் என்பதை அறிந்தே செய்யப்பட்ட மாற்றம். இரண்டாம் பதிப்பிற்கான பராமரிப்பு 2020 சனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. எனினும் அதற்கென எழுதப்பட்ட பாடநூல்கள் நூலகங்களில் இருக்கவே செய்கின்றன.

நம் மாணவி கண்ட பிழை எளியது. திரையில் ஒன்றைக் காட்டும் 'பிரின்ட்' என்னும் கட்டளைக்குப் பழைய பதிப்பில் அடைப்புக்குறி வேண்டியதில்லை. புதியதில் அது கட்டாயம். இத்தகைய பிழையை நாம் கூவும் பிழை என்போம். பொறியே நின்று கூவிவிடுகிறது; அண்மைக்காலப் பதிப்புகள் அடைப்புக்குறி விடுபட்டதென்று குறிப்பும் தருகின்றன. ஆங்கிலத்தில் வரும் அக்குறிப்பைக் கண்டு அஞ்சாமல் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் மாணவர் தாமே திருத்திக்கொள்வர்.

அஞ்ச வேண்டியவை ஊமைப் பிழைகளே. 39, 40 என்னும் இரு தேர்வு மதிப்பெண்களின் சராசரியைக் காண்க எனக் குறிப்பேட்டில் ஒரு பயிற்சி உண்டு. 79-ஐ இரண்டால் வகுக்க, பழைய பதிப்பு 39 என்னும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணே என்பது அதன் விதி. புதிய பதிப்பு 39.5 என்னும். இரண்டிலும் பொறி நிற்பதில்லை. தேர்ச்சிக்கு 40 வேண்டும், அரையை முழுமையாக்குவோம் என்னும் துறையில் இவ்வேறுபாடு ஒரு மாணவரின் ஓராண்டு. பழைய விடை வேண்டுமாயின் புதியதில் இரட்டைச் சாய்கோடு இடவேண்டும்.

அரையை முழுமையாக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. 40.5-ஐ முழுமையாக்கச் சொன்னால் பழைய பதிப்பு 41 தரும். புதியது 40 தரும். சரியாக அரை வரும்போது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குச் செல்வது புதிய விதி. பல்லாண்டு கற்பித்தும் இதனை நாம் அறிந்திருக்கவில்லை என ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை.

மற்றொன்று, பயனரிடம் செய்தி கேட்கும் 'இன்புட்' கட்டளை. வயதைக் கேட்டு இருமடங்காக்கும் நம் பயிற்சியில் 21 எனத் தந்தால் பழைய பொறி 42 என்றது. புதியது 2121 என்கிறது! தட்டெழுதிய அனைத்தையும் புதிய பதிப்பு எழுத்துத் தொடராகவே கொள்வதால், 21 என்னும் எழுத்துகளை இருமுறை அடுக்கிவிடுகிறது. அதனை எண்ணாக மாற்றும் கட்டளையையும் பாடத்தில் சேர்த்தல் வேண்டும்.

இவற்றைத் தானே மாற்றித் தரும் கருவி ஒன்று பைத்தானுடனேயே வழங்கப்பட்டது. 2024-இல் வந்த 3.13-ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது. அது இருந்த காலத்திலும் பாடம் எழுதுவோர்க்கு முழுத் துணையாக இல்லை. 'பிரின்ட்' வரிகளைத் திருத்தும், வகுத்தலைத் தொடாது. 'இன்புட்' கட்டளையையோ, பயனர் தட்டெழுதுவதை எல்லாம் நிரலாகவே இயக்கும் வகையில் மாற்றிவிடும். பழைய பதிப்பு உள்ளே அப்படித்தான் செய்தது என்பதால் விடை மாறாது. ஆனால் யார் எதைத் தட்டெழுதினாலும் இயக்கிவிடும் நிரலை எழுதத் தொடக்கத்திலேயே பழக்குவது, வந்தவர்க்கெல்லாம் வீட்டுச் சாவியைக் கொடுக்கப் பழக்குவதாகும். மேலும், எந்தக் கருவியும் பாடத்தின் உரைநடையைத் திருத்தாது. நிரலை மட்டும் மாற்றிவிட்டு, "வகுத்தால் பின்னம் நீங்கும்" என்னும் விளக்கத்தை விட்டுவைத்த படியொன்றை நாமே ஒரு முறை வகுப்பில் வழங்கியிருக்கிறோம்.

ஆகவே குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியையும், மாணவர் செய்வதுபோலவே, நாமே தட்டெழுதி விடையை ஒப்புநோக்கினோம். பிழை என்று பொறி கூறாத இடங்களிலேயே மிகுதியாக நின்றோம். எந்தப் பதிப்புக்கு எழுதியது, எந்த நாளில் சோதித்தது என்பதை முதற்பக்கத்திலேயே பொறித்தோம். பழைய வடிவத்தையும் அடிக்குறிப்பில் காட்டலாமே என்றார் நண்பர் ஒருவர். பாடவேறுபாடு காட்டுவது ஆய்வாளர்க்கு நன்று. முதல் நாள் மாணவருக்கு இரண்டு வடிவங்களைக் காட்டினால் இரண்டையும் கலந்து எழுதுவார். அவற்றைத் தனித்தாளில் எழுதி ஆசிரியர்க்கென வைத்துக்கொண்டோம்.

புதிய பதிப்பால் நமக்கு விளைந்த பெரும் நன்மை ஒன்றுண்டு. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் கேட்டால், பழைய பதிப்பு பொதுவாக 15 என்னும். ஒவ்வொரு குறியீடும் யுனிகோடு சேமிப்பில் மூன்று பைட்டு பெறுவதால் வந்த கணக்கு அது. புதியது 5 என்னும்: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. நம் இலக்கணம் கூறுவது மூன்று. பழைய குறிப்பேட்டில் இப்பகுதியைச் சுற்றி வளைத்து ஒன்றரைப் பக்கம் விளக்கியிருந்தோம். இப்போது நான்கு வரியில் முடிந்தது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எஞ்சியவற்றை எண்ணுமாறு நிரல் எழுதினால் மூன்று என்னும் விடை வந்துவிடுகிறது. 'பக்ஷி' என்று எழுதிப் பார்த்த மாணவர் ஒருவர், இரண்டு வரவேண்டிய இடத்தில் மூன்று வருகிறதே என்றார். க்ஷ என்பதைக் ககரம், புள்ளி, ஷகரம் எனப் பிரித்தே யுனிகோடு சேமிப்பதால் நேர்ந்தது அது. அதற்கான ஒரு வரியை அவரையே எழுதச் சொல்லிப் பாடத்தில் சேர்த்துக்கொண்டோம்.