காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை

கேள்வி: கார் ஏசியில் குளிர்ச்சி வரவில்லை. மின்கோளாறா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: பெரும்பாலான கார்களில் கம்ப்ரசரின் முகப்பில் மின்காந்த கிளட்ச் உண்டு. எஞ்சின் ஓடும்போது ஏசியைப் போட்டால், 'டக்' என்ற சத்தத்துடன் அதன் முன்தட்டு புல்லியோடு ஒட்டிச் சுழல வேண்டும். புல்லி மட்டும் சுற்றி, தட்டு அசையாமல் நின்றால் கிளட்ச் பிடிக்கவில்லை என்று பொருள். பெல்ட் அருகே கையோ தொங்கும் துணியோ போகவே கூடாது.

முதலில் ஃபியூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். கூடுதலாகப் போட்டால் ஒயரே தீப்பற்றும். அடுத்து ஏசி ரிலே. ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். செலவே இல்லாத, நம்பகமான சோதனை இது.

பிறகு மல்டிமீட்டர். கிளட்ச் கனெக்டரில் 12 வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லையா? எஞ்சினை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி, காயிலின் மின்தடையை அளக்க வேண்டும். வழக்கமாக 3 முதல் 5 ஓம் இருக்கும்; மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

மின்சாரமே வரவில்லை என்றால் பிரஷர் சுவிட்சைக் கவனிக்க வேண்டும். கேஸ் குறைந்தால் கம்ப்ரசரைக் காக்க அதுவே இணைப்பைத் துண்டிக்கும். ஒயர் போட்டு அதை ஏமாற்றினால் கம்ப்ரசர் பாழாகும். கேஸ் குழாயைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை.