இணையதளக் கட்டுப்பாட்டுப் பலகை – தொடக்க மாணவர்க்கு ஓர் அறிமுகம்

முன்னுரை

நாள்தோறும் இணையத்தில் உலவும் நாம், ஒரு தளம் எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. தளம் வானத்தில் மிதப்பதன்று. எங்கோ ஒரு கட்டடத்தில், இரவும் பகலும் ஓயாது இயங்கும் ஒரு கணிப்பொறியில் அது கோப்புகளாக இருக்கிறது. அக்கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். தனியொருவர் சர்வர் வாங்கி நடத்துவது பெருஞ்செலவு. ஆகவே, சில நிறுவனங்கள் சர்வரின் இடத்தைப் பகுத்துப் பலருக்கும் வாடகைக்கு விடுகின்றன. இதற்கு ஹோஸ்டிங் என்று பெயர். வாடகைக்கு எடுத்த இடத்தை நாம் இருந்த இடத்திலிருந்தே ஆள்வதற்கு உதவும் திரையே கட்டுப்பாட்டுப் பலகை, அதாவது கண்ட்ரோல் பேனல்.

நான் தமிழிலக்கிய மாணவன். கணிப்பொறி இயலைப் பாடமாகப் படித்தவன் அல்லன். எங்கள் துறையின் தளத்தைப் பேணும் பணி என்னிடம் வந்தபோது இதனைக் கற்றேன். 1996-இல் முதன்முதலாக வெளிவந்து, இன்று பலராலும் கையாளப்படும் சி-பேனல் என்பதை வைத்தே இங்கு விளக்குகிறேன். பிற பலகைகளில் படங்களும் பெயர்களும் வேறுபடும், அடிப்படை ஒன்றே.

மூன்று பொருள்கள்

பலகையைத் திறந்தவுடன் பல பத்துச் சின்னங்கள் கண்ணை மிரட்டும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு தளத்திற்கு வேண்டியவை பெயர், இடம், பொருள் என்னும் மூன்றே. பெயர் என்பது டொமைன். அதைப் பதிவு செய்து தருவோர் ஒருவர். இடம் என்பது சர்வர். அதை வாடகைக்குத் தருவோர் மற்றொருவராக இருக்கலாம். பொருள் என்பது நாம் எழுதியவையும் படங்களும், அது நம்முடையது. இம்மூன்றும் வேறு வேறு என்பதை உணர்ந்தால் பலகையில் பாதி விளங்கிவிடும்.

கோப்புகளின் இருப்பிடம்

பலகையில் ஃபைல் மேனேஜர் என்பதைத் திறந்தால் பல ஃபோல்டர்கள் தெரியும். அவற்றுள் பப்ளிக் எச்.டி.எம்.எல். என்னும் ஃபோல்டரே நம் வீட்டின் திண்ணை. அதில் வைப்பதை ஊரார் காணலாம். அதற்கு வெளியே உள்ளவை அவர்களுக்குத் தெரியா. தளத்தின் பெயரை ஒருவர் தட்டியதும், சர்வர் இந்த ஃபோல்டரில் இண்டெக்ஸ் என்னும் பெயருடைய கோப்பைத் தேடி எடுத்துத் தருகிறது.

இங்கே தொடக்கநிலையினர் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, இத்தகைய சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் முறையில் இயங்குவன. அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. நம் விண்டோஸ் கணிப்பொறியில் ஒழுங்காகத் தெரிந்த படம், ஏற்றிய பின் தெரியாமல் போனால், கோப்பின் பெயரில் இவ்வேறுபாடு உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அனுமதி எண்கள். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்பது கணக்கு. மூன்று இலக்கங்களில் முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவினருக்கு, மூன்றாவது ஏனையோருக்கு. எனவே 644 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் (4+2) இயலும். மற்றவர் படிக்க மட்டும் இயலும். கோப்புகளுக்குப் பொதுவாக 644-உம், ஃபோல்டர்களுக்கு 755-உம் போதும். ஏதேனும் இயங்கவில்லை என்றால் 777 என்று மாற்றிவிடச் சொல்வோர் உண்டு. அது எல்லார்க்கும் எல்லா உரிமையும் வழங்குவது. கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

பெயரும் முகவரியும்

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர்க்கு எண்கள் நினைவில் நில்லா. இவ்விரண்டையும் இணைக்க 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் வகுத்த முறையே டி.என்.எஸ். எனப்படுகிறது. பலகையில் ஜோன் எடிட்டர் என்னும் பகுதியில் இதன் குறிப்புகளைக் காணலாம். ‘ஏ’ என்னும் குறிப்பு, பெயருக்குரிய சர்வரின் எண்ணைச் சொல்லும். ‘எம்.எக்ஸ்.’ என்னும் குறிப்பு, அப்பெயருக்கு வரும் மின்னஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும். ஆகவே தளம் ஓரிடத்திலும் அஞ்சல் வேறோரிடத்திலும் இருப்பது இயல்பே.

குறிப்பை மாற்றியவுடன் பயன் தெரியாது. ஒவ்வொரு குறிப்பின் அருகிலும் ஒரு கால அளவு இருக்கும். 14400 என்றிருந்தால் அது நொடிக்கணக்கு. நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை பிற கணிப்பொறிகள் பழைய விடையையே நினைவில் வைத்திருக்கலாம். இதனை அறியாதவர் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்வர். ஒருமுறை சரியாக மாற்றிவிட்டுப் பொறுத்திருப்பதே முறை.

தரவுத்தளமும் தமிழெழுத்தும்

வேர்ட்பிரஸ் போன்றவற்றால் அமைந்த தளங்களில், படங்கள் ஃபோல்டரில் இருக்கும், கட்டுரைகள் மை-எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தளத்தில் இருக்கும். தரவுத்தளத்தை உருவாக்குவது மூன்று படிகளில் நிகழ்கிறது: தரவுத்தளம் ஒன்றைப் படைத்தல், பயனாளர் ஒருவரைப் படைத்தல், அப்பயனாளருக்கு அத்தரவுத்தளத்தில் உரிமை வழங்குதல். முதல் இரண்டை முடித்து மூன்றாவதை விட்டுவிட்டால், தரவுத்தளத்துடன் இணைய இயலவில்லை என்ற செய்தியே வரும்.

தமிழில் எழுதுவோர் எழுத்து முறையையும் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளால் ஆனது. ஆக 15 பைட். தரவுத்தளம் லத்தீன் எழுத்துக்கு மட்டும் அமைக்கப்பட்டிருந்தால், நாம் எழுதிய தமிழ் கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்படும் இடருண்டு. அவ்வாறு மாறியதை மீட்க இயலாது. ஆகவே யு.டி.எஃப்.-8 எம்.பி.4 என்னும் அமைப்பு உள்ளதா என்று தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

சாவி யாரிடம்?

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையில் தலையாயது. எங்கள் துறை மாணவர்கள் பல ஆண்டுகளாகச் சிற்றூர்களில் திரட்டிய தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாடல்கள் துறைத் தளத்தில் இருந்தன. 2022-இல் ஒருநாள் தளம் மறைந்தது. பெயரைப் பதிவு செய்தபோது கொடுத்திருந்த மின்னஞ்சல், படித்து முடித்துச் சென்றுவிட்ட ஒருவருடையது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் யாரும் திறவாத அந்தப் பெட்டிக்கே போய்ச் சேர்ந்தன. பெயர் காலாவதியாகி, முன்பின் அறியாத ஒருவர் அதனை வாங்கிவிட்டார்.

பாடல்களும் போயின என்றே துறையில் எண்ணினர். ஆனால் இட வாடகையைத் துறையே செலுத்தி வந்ததால் இடம் நம்முடையதாகவே இருந்தது. தளத்தின் பெயர் இல்லாமலே, வாடகை நிறுவனம் தந்திருந்த சர்வர் பெயருடன் 2083 என்னும் எண்ணைச் சேர்த்துத் தட்டியபோது பலகை திறந்தது. அவ்வெண் பாதுகாப்பான வழியில் சி-பேனலுக்குள் நுழையும் வாயில். உள்ளே ஒலிப்பதிவுகள் ஃபோல்டரிலும், வரிகள் தரவுத்தளத்திலும் அப்படியே இருந்தன. புதுப்பெயர் ஒன்றை வாங்கி அதே இடத்துடன் இணைத்தோம். வேர்ட்பிரஸ் தன் முகவரியைத் தரவுத்தளத்தில் ‘சைட் யு.ஆர்.எல்.’, ‘ஹோம்’ என்னும் இரு வரிகளில் எழுதி வைத்திருக்கும். பி.எச்.பி. மை-அட்மின் வழியாக அவ்விரண்டையும் மாற்றியதும் பாடல்கள் மீண்டும் ஒலித்தன. கட்டுரைகளுக்குள் இருந்த பழைய இணைப்புகளைத் திருத்தத்தான் பல நாள்கள் ஆயின.

பெயர் வேறு, இடம் வேறு, பொருள் வேறு என்று முன்னர்க் கூறியதன் பயன் இதுவே. டாட்-காம் பெயர்களைப் பொறுத்தவரை, காலாவதியாகி நீக்கப்பட்ட பின்னும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்கு மேல் 5 நாளில் எவரும் வாங்கும்படி விடுவிக்கப்படும். ஆகவே பதிவு செய்யும் மின்னஞ்சல் தனிமனிதருடையதாக இராமல் துறைக்குரியதாக இருக்க வேண்டும்.

காப்புப்படி

பலகையில் பேக்கப் என்னும் பகுதி உண்டு. முழுக்காப்புப்படியை நாம் எடுக்கலாம். ஆயினும் சி-பேனலில் அதனை முழுமையாக மீட்டு வைப்பது நம்மால் ஆகாது, வாடகை நிறுவனத்தாரே செய்ய வேண்டும். ஆகவே கோப்புகளைத் தனியாகவும் தரவுத்தளத்தைத் தனியாகவும் எடுத்து வைத்தால், அவற்றை நாமே திரும்ப ஏற்றலாம். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் தளம் அரைகுறையே. எடுத்த படியை அதே சர்வரில் விட்டுவைப்பதும் காப்பாகாது; பெட்டியின் மாற்றுச் சாவியை அப்பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போன்றது அது. துறைக் கணிப்பொறியில் ஒன்றும், தனி வட்டில் ஒன்றுமாக வைத்தல் வேண்டும்.

முடிவுரை

கட்டுப்பாட்டுப் பலகையைக் கற்பதற்குக் கணிதப் புலமையோ ஆங்கிலப் புலமையோ பெரிதாக வேண்டியதில்லை; பொறுமையும், செய்ததைக் குறித்து வைக்கும் பழக்கமும் போதும். பெயர் எங்கே பதிவாகியுள்ளது, எந்நாளில் காலாவதியாகும், இடம் யாரிடம் வாடகைக்கு உள்ளது, கடைசிக் காப்புப்படி எந்நாளில் எடுக்கப்பட்டது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதித் துறைப் பதிவேட்டில் சேர்த்துவிடலாம். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாமல் துறைத் தலைவரிடம் தனியே ஒப்படைத்தல் வேண்டும். மாணவர்கள் மூன்றாண்டுகளில் போய்விடுவோம். நாம் திரட்டியவை நமக்குப் பின் வருவோர்க்கும் கிடைக்க வேண்டுமாயின், இடத்தை ஆளும் முறையையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டே செல்ல வேண்டும்.