கார் சாவிக்கு பட்டன் செல் விற்கும் வணிகர் அறிய வேண்டியவை

மளிகைக் கடைக்கும் கார் சாவிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையில் கடை வைத்திருப்பவர் யாரும் கேட்க மாட்டார். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கற்பூரம் ஆகியவற்றோடு பட்டன் செல்லும் நம் கடையில்தான் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் எலக்ட்ரிக்கல் கடைகள் திறந்திருப்பதில்லை.

அப்படி ஒரு பௌர்ணமியன்று இரவு பதினொரு மணிக்கு வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர் வந்தார். பெங்களூரு திரும்ப வேண்டிய பயணிகள் வண்டியருகே காத்திருந்தனர். ரிமோட் சாவிக்கு செல் வேண்டும் என்றார். பழைய செல்லில் 2025 என்று இருந்தது. என்னிடம் 2032 மட்டுமே இருந்தது. "இரண்டும் 3 வோல்ட்தான் தம்பி, வேலை செய்யும்" என்று கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, "என்ன அண்ணே, டூப்ளிகேட் செல் கொடுத்திட்டீங்க" என்றார். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வேறொரு 2032 கொடுத்தேன், அதுவும் வேலை செய்யவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து 2025 வாங்கிப் போட்டோம். அப்போதும் சாவி உயிர் பெறவில்லை.

தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். அவர் வந்து சாவியைத் திறந்து பார்த்ததும் என் தவறுதான் என்று புரிந்தது.

செல்லின் மேலுள்ள எண்ணே அதன் அளவைச் சொல்லிவிடுகிறது. முதல் இரண்டு இலக்கம் விட்டம் மில்லிமீட்டரில், அடுத்த இரண்டு இலக்கம் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில். ஆக 2032 என்றால் 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம். 2025 என்றால் 2.5 மி.மீ. கனம். 1620 என்றால் 16 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம். முன்னால் உள்ள சி.ஆர். என்ற எழுத்துக்கள் லித்தியம் வகையையும் வட்ட வடிவத்தையும் குறிப்பவை. நான் கொடுத்த கனமான செல்லை அழுத்தித் திணித்தபோது, அடியிலிருந்த தகட்டு நாக்கு நசுங்கிப் படிந்துவிட்டது. பிறகு சரியான செல்லைப் போட்டபோது அது அந்த நாக்கைத் தொடவே இல்லை. எலக்ட்ரீஷியன் சிறு ஸ்க்ரூடிரைவரால் நாக்கை லேசாக நிமிர்த்தினார். சாவியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. சில பழைய ரிமோட்டுகளில் 2016 செல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருப்பார்கள். இரண்டு 1.6 சேர்ந்தால் 3.2, எனவே ஒரு 2032 அங்கே கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் 6 வோல்ட் வேண்டிய இடத்தில் 3 வோல்ட்தான் கிடைக்கும். வாடிக்கையாளரோ செல் சரியில்லை என்று நம்மையே குறை சொல்வார்.

செல் மாற்றிய பின் சாவி வேலை செய்யவில்லை என்று யாராவது வந்தால் முதலில் எளியவற்றைப் பாருங்கள். கூட்டல் குறி உள்ள பக்கம் சரியான திசையில் இருக்கிறதா? செல்லின் மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டதா? விரல் எண்ணெய் படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைக்கலாம். குழந்தைகள் வாயில் வைத்ததும் துப்பிவிட வேண்டும் என்று சில செல்களில் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள். சில கருவிகளில் அந்தப் பூச்சே மின்தொடர்பைத் தடுக்கும். சிறிது ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும்.

செல் எடுத்தால் சாவியின் ரகசியக் குறியீடு அழிந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பெரும்பாலான சாவிகளில் அப்படி அழிவதில்லை, அது மின்சாரம் இல்லாமலும் நிற்கும் நினைவகத்தில் இருக்கிறது. நம் பில் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சாவி அடுத்த எண்ணுக்குரிய குறியீட்டை அனுப்புகிறது. பழைய எண்ணைக் கார் ஏற்காது, சற்று முன்னே போன எண்ணை ஏற்கும். தென்னாப்பிரிக்காவில் 1980களில் உருவாகி, 1995ல் அமெரிக்க நிறுவனமான மைக்ரோசிப் வாங்கிய கீலாக் முறையில் இந்த இடைவெளி வழக்கமாக 16. சட்டைப்பையில் கிடந்து அதற்கு மேல் அழுந்திவிட்டால், கார் அருகே நின்று தொடர்ந்து இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும். சில வண்டிகளில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பிப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த முறை வண்டிக்கு வண்டி மாறும், உரிமையாளர் கையேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிமோட் செத்தாலும் வண்டி நின்றுவிடாது என்பதை நடு இரவில் வரும் வாடிக்கையாளருக்குச் சொன்னாலே அவருக்குப் பாதி உயிர் வரும். சாவியின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு இரும்புச் சாவி இருக்கும், அதனால் கதவைத் திறக்கலாம். சில வண்டிகளில் அப்போது அலாரம் அலறும், பதற வேண்டாம். பொத்தானில் ஸ்டார்ட் ஆகும் பல கார்களில் ரிமோட்டை அந்தப் பொத்தானை ஒட்டிப் பிடித்து அழுத்தினால் இஞ்சின் கிளம்பும், ஏனெனில் உள்ளே உள்ள சிப்புக்கு செல் தேவையில்லை. ஆனால் சில சாவிகளில் அந்த சிப் தனித் துண்டாக, மிளகு அளவை விடச் சற்றுப் பெரிதாகக் கூட்டுக்குள் கிடக்கும். கடை வாசலில் கூட்டைப் பிளக்கும்போது அது உருண்டு விழுந்தால், கதவு திறக்கும், இஞ்சின் கிளம்பாது. எனவே வெள்ளைத் துணியோ செய்தித்தாளோ விரித்து அதன்மேல்தான் பிரிக்க வேண்டும்.

அன்றைக்குப் பிறகு எங்கள் கடையில் பழைய செல்லைக் கையில் வாங்கி எண்ணைப் படிக்காமல் புதியதைக் கொடுப்பதில்லை. 2016, 2025, 2032 மூன்றும் இருப்பில் உண்டு. அட்டையிலிருந்து வெட்டி எடுத்த செல்களைக் கல்லாவில் சில்லறையோடு போடும் பழக்கமும் போயிற்று. நாணயம் இரு முனைகளையும் தொட்டால் விற்கும் முன்பே செல் தீர்ந்துவிடும்.

அட்டையைத் தொங்கவிடும் இடத்தையும் மாற்றினோம். முன்பு மிட்டாய் பாட்டில்களுக்குப் பக்கத்தில், குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. 20 மி.மீ. செல் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். அமெரிக்காவில் 2022ல் இதற்கென்றே சட்டம் இயற்றினார்கள். விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வாடிக்கையாளர் விட்டுச் செல்லும் பழைய செல்லின் இரு பக்கமும் செல்லோடேப் ஒட்டித் தனி டப்பாவில் போட்டு, மேல் தட்டில் வைத்திருக்கிறோம்.